நெற்றியை மறைத்த சபை

யேசுதாஸ் மாமாவுக்கு உலகம் முடிவதில் இருந்த ஆர்வம், அது ஓடிக்கொண்டிருப்பதில் ஒருநாளும் இருந்ததில்லை. அவர் என் அத்தை விக்டோரியாவின் கணவர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டுகிறார். வாரமெல்லாம் பழுக்கக் காய்ந்த இரும்புக் கட்டிகளைத் தூக்கி இறக்குவார். ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டு மொட்டைமாடியில், தகரக் கொட்டகைக்குக் கீழே நின்றுகொண்டு வானத்தையே இறக்கி வைப்பார்.

அவர் பாஸ்டர் இல்லை. எந்த வேதாகமக் கல்லூரியின் வாசலையும் மிதித்தவர் இல்லை. டவுனில் இருந்த பழைய சபையில் காணிக்கைத் தட்டு ஏந்திக்கொண்டிருந்தவர், அங்கே போதகர் எப்போது பார்த்தாலும் அன்பைப் பற்றியே பேசுகிறார், ஆண்டவரின் இரண்டாம் வருகையைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று கோபித்துக்கொண்டு வெளியே வந்து, மாடியில் தனிச் சபை தொடங்கினார். அன்பைக் கேட்டு யாரும் பயப்பட மாட்டார்கள். பயம் இல்லாத இடத்தில் மாமாவுக்கு வேலை இல்லை.

அவருடைய அப்பா பொன்னேரிப் பக்கம் நிலக்காரர் வயலில் கூலிக்கு நின்றவர். வரப்பில் நின்று ‘ஐயா, ஐயா’ என்று கூப்பிட்டே குரல் தேய்ந்துபோனவர் என்று அத்தை சொல்லியிருக்கிறாள். மகனை இப்போது மாடி நிறைய உட்கார்ந்திருக்கும் பெண்கள் ‘ஐயா’ என்கிறார்கள். அந்தச் சொல் அந்தக் குடும்பத்துக்குத் திரும்பி வந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அதைப் பிடித்து வைத்துக்கொள்ள அவர் செய்த காரியங்களைத்தான் சகிக்க முடியவில்லை.

எதைக் கண்டாலும் அவருக்கு அது கடைசி கால அறிகுறி. நிலநடுக்கம் அறிகுறி. வெங்காய விலை அறிகுறி. பக்கத்து வீட்டுப் பெண் முடியை வெட்டிக்கொண்டது அறிகுறி. ஒரு முறை சந்திரன் ரத்தமாக மாறிவிட்டது என்று சபையாரைக் கூட்டி வீதியில் முழங்கால் போட வைத்தார். ரோலிங் மில் தூசி வழியாகப் பார்த்தால் எந்த நிலாவும் சிவப்புதான். அந்தத் தூசியை வருஷக்கணக்காக விழுங்கிக்கொண்டிருப்பவருக்கு அது தெரியாதா என்ன?

கழிமுகத்தில் மீன்கள் செத்து மிதந்தபோது ஊர்க்காரர்கள் எந்தக் கம்பெனிக் குழாயிலிருந்து என்ன வந்தது என்று கேட்கப் போனார்கள். மாமா தடுத்தார். “போய் இன்னா கேக்கப் போறீங்க? இதெல்லாம் எழுதி வெச்சது. நடந்தே தீரும்” என்றார். பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். கூலி வாங்காமல் இப்படி ஒரு வக்கீல் கிடைத்தது அந்தக் கம்பெனிக்குத் தெரிந்திருந்தால் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்பியிருப்பார்கள்.

வீட்டின் பின்பக்கச் சுவருக்கு அவர் இன்னும் பூச்சு வேலை செய்யவில்லை. “சிமென்ட் காயறதுக்குள்ள ஆண்டவர் வந்துருவாரு” என்பார். ஆனால் எல்ஐசி தவணை ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை. மகள் ஜெனிபரைத் திருநின்றவூரில் கட்டிக்கொடுத்தபோது, உலகம் முடியப்போகிறது என்பதற்காக மாப்பிள்ளை வீட்டாரிடம் சீர்வரிசையைக் குறைத்துப் பேசவும் இல்லை, கூட்டிப் பேசவும் இல்லை. எல்லாரையும் போலத்தான் பேசினார்.

தடாவிலிருந்து ஒரு பிரசங்கியார் அவ்வப்போது வருவார். பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். ஒரு பெரிய பிளெக்ஸ் பேனரைச் சுருட்டிக் கொண்டு வந்து கொட்டகையில் கட்டுவார். அதில், கடைசி காலத்தில் உலகத்தை ஆளும் என்று பைபிள் சொல்கிற ஏழு தலை மிருகம். பிளெக்ஸ் கடைக்காரன் ஒரே புலித்தலையை ஏழு தடவை நகலெடுத்து ஒட்டியிருந்தான். ஒவ்வொரு தலையும் எந்த நாடு என்று பிரசங்கியார் கம்பால் தட்டித் தட்டிக் காட்டுவார். போன வருஷம் சொன்ன நாடு இந்த வருஷம் வேறு தலைக்கு மாறியிருக்கும். யாரும் கேட்டதில்லை.

ஆதார் அட்டை வந்தபோது அதுதான் மிருகத்தின் முத்திரை என்று மாமா முழங்கினார். அந்த முத்திரை வலது கையிலோ நெற்றியிலோ விழும், விழுந்தவனுக்கு மீட்பே கிடையாது என்பது அவர் போதனையின் முதுகெலும்பு. பிறகு ரேஷன் கடையில் ஆதார் இல்லாமல் அரிசி இல்லை என்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆதார் வெறும் ‘ஒத்திகை’ என்று ஆகிவிட்டது. ஒத்திகையில் கைநாட்டு வைத்தால் பாவம் இல்லையாம்.

அதற்கப்புறம்தான் எங்கள் கம்பெனி வாசலில் முகம் பார்க்கும் மிஷின் வந்தது.

வண்டிகளுக்கு ரப்பர் வாஷர் செய்கிற கம்பெனி அது. நான் ஸ்டோரில் இருக்கிறேன். அத்தை பேக்கிங்கில் கான்ட்ராக்ட் ஆள். மாமாவின் சபைப் பெண்களில் பெரும்பாலோர் அதே பேக்கிங்கில்தான் நிற்கிறார்கள். மிஷின் முன்னால் நின்றால் அது முகத்தைப் பார்த்துப் பெண் குரலில் ‘தேங்க் யூ’ என்று சொல்லும். அன்றைய வருகை பதிவாகிவிடும். செய்தி மாடிக்கு எட்டியதும் மாமாவுக்கு இரண்டு கஷ்டம் வந்தது. நெற்றியை மிஷினுக்குக் காட்டச் சொன்னால் இத்தனை வருஷம் பேசியது வீண். காட்டாதே என்று சொன்னால் இத்தனை பெண்களுக்கும் வேலை போகும். வேலை போனவர்கள் மாடிக்கும் வர மாட்டார்கள்.

ஒரு வாரம் உபவாசம் இருந்து தீர்ப்பு சொன்னார். மிஷினுக்கு முகத்தைக் கொடுக்கலாம், நெற்றியைக் கொடுக்கக் கூடாது. பேக்கிங் பெண்கள் தலையில் போடும் நீலத் துணித் தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மிருகத்தை இப்படி ஏமாற்றலாம் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. உலகத்தையே ஆளப்போகிற மிருகம், எலாஸ்டிக் வைத்த ஒரு தொப்பியிடம் தோற்றுப்போகும் என்று அந்த மாடியில் இருந்த எல்லாரும் நம்பினார்கள்.

பதிவு செய்ய வந்த பையன் முதலில் நின்ற பெண்ணிடம், “தொப்பிய ஏத்துக்கா” என்றான். அவள் ஏற்றவில்லை. அடுத்தவளும் ஏற்றவில்லை. வரிசை கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. “எப்டியோ நில்லுங்க, எனுக்கு இன்னும் மூணு கம்பெனி கீது” என்று எல்லாரையும் அப்படியே பதிந்துவிட்டுப் போனான்.

அத்தைக்கு ஏஞ்சலின் என்று ஒரு தங்கை முறை, சித்தி மகள். அவளும் அதே பேக்கிங்கில்தான். இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே கன்னம், ஒரே இடத்தில் மரு. நெற்றி மட்டும்தான் வேறு. அதை மறைத்த பிறகு மிஷினுக்கு யார் யாரென்று எப்படித் தெரியும்? அத்தை நின்றாலும் ஏஞ்சலின் வந்ததாகவே பதிந்துகொண்டது. ‘தேங்க் யூ’ மட்டும் எல்லாருக்கும் தவறாமல் சொன்னது. திரையில் வரும் பெயரை யார் பார்க்கிறார்கள்? கூலி, சூப்பர்வைசர் தலையைப் பார்த்துக் கொடுப்பது. அதனால் அதில் குறை வரவில்லை. ஈஎஸ்ஐ மருத்துவக் காப்பீட்டுக் கணக்கு மட்டும் மிஷின் சொன்னபடி போனது. அந்தக் கணக்கின்படி விக்டோரியா என்ற பெண் பல மாதமாக வேலைக்கே வரவில்லை.

இது தெரியவந்தது அத்தை படுக்கையில் விழுந்த பிறகுதான்.

கருப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. பேக்கிங் மேஜையைப் பிடித்துக்கொண்டே வேலை பார்ப்பாள். கறுப்புப் புடவையாகத் தேடி உடுத்துவாள். ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் டாக்டர் கல்பனா என்று ஒரு அம்மா, ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கருப்பையை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி அட்மிஷனுக்கு எழுதிக் கொடுத்தார். கவுன்டரில் அட்டை செல்லாது என்றார்கள். கம்பெனி பணம் கட்டின நாட்கள் போதவில்லை, போய்ச் சரிபண்ணிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். வெளியில் தனியார் ஆஸ்பத்திரியில் செய்துகொள்ளும் நிலையில் அந்தக் குடும்பம் இல்லை.

எங்கள் கம்பெனியில் ஹெச்.ஆர். வேலையைப் பார்ப்பது குணசுந்தரி மேடம். அத்தையை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். “நீங்க தினம் வந்தது கேட் கேமராவுல தெரியுது விக்டோரியாம்மா. பழைய நாளையெல்லாம் உங்க பேருக்கு மாத்தி நானே அனுப்பிடுறேன். ஆனா மிஷின் உங்கள உங்களா அடையாளம் காட்டணும். தொப்பிய எடுத்துட்டு ஒரே ஒரு தடவை முன்னாடி நில்லுங்க, போதும்.”

“ஊட்ல கேட்டுக்கினு சொல்றேன் மேடம்.”

“முகம் உங்களுதுதானே?” என்றார் குணசுந்தரி.

அத்தை தண்ணீர் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள். நான்தான் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். கையைக் கழுவினார். கழுவின கையால் மோவாயைத் தடவிக்கொண்டு, “நெத்திய குடுத்தா ஆத்துமாவ குடுத்த மாதிரி” என்றார்.

“ரத்தம் போய்க்கினே கீதுய்யா.”

“ஜெபத்துல கேளு.”

“கேட்டுக்கினுதான் கீறேன். ஆஸ்பத்திரிக்குப் போன்னுதான் பதில் வருது.”

“அது ஆண்டவர் சத்தமா இருக்காது.”

“உன்கிட்ட மட்டும்தான் பேசுவாரா அவரு?”

மாமா சிரித்தார். கிரேன் கூண்டிலிருந்து கீழே நிற்கிறவனைப் பார்க்கும் சிரிப்பு அது. “எல்லாத்தையும் முடிக்கிற நாள் வந்தாச்சு. இந்த ஒடம்பு இன்னும் எவ்ளோ நாளைக்கு? ஆபரேசன் பண்ணி இன்னா பண்ணப் போற?”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “நீ சும்மா இர்றா, பொஸ்தகம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் பிரியாது” என்றார். அத்தை தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் விசேஷ ஜெபம் வைத்தார். அத்தையை முன்வரிசையில் பாயில் படுக்கவைத்து உச்சந்தலையில் எண்ணெய் தடவினார். பிரசங்கம் ஆரம்பித்ததும் அவளை மறந்துவிட்டார். மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நடுவில் கை நீட்டிக் காட்டி, “என் சொந்த ஊட்லயே சாத்தான் கை வெச்சிருக்கான். கடைசி காலத்துக்கு இதவிட அறிகுறி இன்னா வேணும்?” என்றார். வீங்கிய வயிற்றோடு படுத்திருந்த பெண்டாட்டி, செத்த மீனோடும் சிவப்பு நிலாவோடும் வரிசையில் சேர்ந்துவிட்டாள். பெண்கள் ‘ஸ்தோத்திரம்’ என்றார்கள். எனக்கு அவர்களையும் பிடிக்கவில்லை.

கூட்டம் கலையும்போது ஏஞ்சலின் மட்டும் பாய் பக்கத்தில் வந்து குந்தினாள். “அக்கா, உன் நாளெல்லாம் என் பேர்ல கீதாமே. நான் போய் நெத்திய காட்டட்டா? உன் நாளு தனியா கழண்டுகினு வந்துருமா?”

“உன் நெத்தி எனுக்கு எதுக்குடி?” என்றாள் அத்தை. “எனுக்கே ஒண்ணு கீது.”

மறுநாள் காலை ஷிப்ட் மாறும் நேரம். அத்தையை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டி வந்தேன். யார் சொன்னார்களோ, மாமாவும் தன் மில்லில் நைட் ஷிப்ட் முடிந்து அப்படியே ஸ்கூட்டரில் வந்து கேட்டருகே நின்றிருந்தார். முகமெல்லாம் கரி. உள்ளே போகிற கூட்டமும் வெளியே வருகிற கூட்டமும் நின்றுவிட்டது. சபைப் பெண்கள் தொப்பியைப் புருவத்துக்கு இழுத்தபடி ஒதுங்கி நின்றார்கள்.

“விக்டோரியா, தொப்பிய எடுத்த, ஊட்டுக்கு வராத” என்றார். சத்தமாகக்கூட இல்லை. சபைக்குக் கேட்டால் போதும் என்ற அளவு.

அத்தையால் நிற்க முடியவில்லை. செக்யூரிட்டி அன்புசெல்வன் தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். குணசுந்தரி மிஷினைச் சுவரிலிருந்து கழற்றிக் கீழே பிடித்துக்கொண்டார்.

“ஆபரேசன் பண்ணி இன்னா பண்ணப் போறன்னு கேட்டியே” என்று அத்தை மாமாவைப் பார்த்துச் சொன்னாள். “நல்லா ஒரு ராத்திரி தூங்கப் போறேன். அவ்ளோதான்.”

தொப்பியை எடுத்தாள். வெயில் படாத நெற்றி; முகத்தில் மற்ற இடத்தைவிட வெளுப்பாக, எலாஸ்டிக் அழுத்திய கோட்டோடு இருந்தது. மிஷின் ஒரு நிமிஷம் யோசித்தது. திரையில் விக்டோரியா என்று பெயர் வந்தது. ‘தேங்க் யூ’ என்றது.

மாமா மேலே பார்த்தார். பழக்கதோஷம்.

“இன்னா ஐயா பாக்குற? வானம் அப்டியேதான் கீது” என்றார் அன்புசெல்வன். வெளியே வந்துகொண்டிருந்த ஷிப்டில் நாலு பேர் சிரித்தார்கள். மாமா ஸ்கூட்டரைக் கிளப்பினார். அது முதல் உதையில் கிளம்பவில்லை.

குணசுந்தரி சொன்னபடி செய்தார். அட்டைக்கு உயிர் வந்தது. டாக்டர் கல்பனா ஆபரேஷன் செய்தார். மாமா எட்டிப் பார்த்தது ஒரே ஒருநாள். ஒரு இளநீரோடு வந்தவர், அதை அத்தையிடம் கொடுக்காமலேயே பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் கடைசி காலத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். நர்ஸ் வெளியே போகச் சொன்னார். ‘ஊட்டுக்கு வராத’ என்ற தீர்ப்பு அதற்குள் காலாவதியாகியிருந்தது. அவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அத்தை எழுந்து நடக்க ஆரம்பித்ததும் மாமா அவளைச் சாட்சி சொல்லச் சொன்னார். சபைகளில் அது வழக்கம். சுகம் கிடைத்தவர்கள் எல்லார் முன்னாலும் நின்று ஆண்டவர் செய்ததைச் சொல்ல வேண்டும். கட்டியைக் கரைத்தது மாடி ஜெபம்தான், டாக்டர் திறந்து பார்த்தபோது அங்கே எடுக்க ஒன்றும் பெரிதாக இல்லை என்று அவரே ஊரில் பாதிக் கதையைச் சொல்லி முடித்திருந்தார். மீதியை அத்தை வாயால் கேட்க மாடி நிரம்பியிருந்தது. தடா பிரசங்கியாரும் பேனரோடு வந்திருந்தார்.

“நம்ம சகோதரிக்கு ஆண்டவர் செஞ்ச அற்புதத்த இப்ப அவங்களே சொல்லுவாங்க” என்று மாமா மைக்கைக் கொடுத்தார்.

அத்தை கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.”

“ஸ்தோத்திரம்” என்றது மாடி.

“கட்டி தேங்கா சைஸு. கல்பனா டாக்டரம்மா எடுத்துட்டு ட்ரேல வெச்சுக் காட்டுனாங்க.”

“ஆமென்” என்றார் மாமா.

“நான் நெத்திய காட்டுனேன். மிஷினு தேங்க் யூ சொல்லிச்சு. ஒண்ணும் ஆவல.”

“ஆமென்” என்று வேகத்தில் வந்துவிட்டது அவருக்கு. பிறகுதான் கேட்டார்போல. வாய் திறந்தபடியே இருந்தது.

“அந்த டாக்டரம்மாவுக்காகவும் குணசுந்தரி மேடத்துக்காகவும் ஜெபம் பண்ணிக்குங்க. இன்னொண்ணு. இன்னும் ரெண்டு மாசத்துக்கு நான் கொடம் தூக்கக் கூடாதாம். இவருதான் தூக்கணும். அதான் என் சாட்சி.”

மைக்கை நீட்டினாள். பின்வரிசையில் ஏஞ்சலின் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் குனிந்துகொண்டார்கள். தடா பிரசங்கியார் பேனரின் மூன்றாவது தலையை ஆழ்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மாமா அசரவில்லை. இதில்தான் அவர் கெட்டிக்காரர். மைக்கை வாங்கி, தொண்டையைச் செருமி, “மனசார குடுத்தாத்தான் அது முத்திரை. பொழப்புக்காகக் குடுத்தா வெறும் போட்டோ” என்றார். மாடி ‘ஸ்தோத்திரம்’ என்றது. மறுநாள் பேக்கிங் பெண்கள் எல்லாரும் தொப்பியை ஏற்றிவிட்டுக்கொண்டு, புதிதாகப் பதிந்துகொள்ள மிஷின் முன்னால் வரிசை கட்டி நின்றார்கள். ஒருத்திகூட அவரை விட்டு விலகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு புதுக் குடும்பம் சேர்ந்தது. என்ன சொல்ல.

ஆனால் தண்ணீர் அவர்தான் பிடிக்கிறார். தெருக்குழாயில் காலையில் பெண்கள் வரிசைக்கு நடுவே ஐயா பிளாஸ்டிக் குடத்தோடு நிற்கிறார். இடுப்பில் வைக்கத் தெரியாமல் தோளில் வைத்து, சட்டை நனைய, வீட்டுக்கும் குழாய்க்கும் நடக்கிறார். அத்தை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். நேற்று நான் போயிருந்தபோது குழாயில் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. மாமா பாதிக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தண்ணி கொறையறதும் ஒரு அறிகுறிதான்” என்றார்.

“முழுசா நிக்கறதுக்குள்ள இன்னும் ரெண்டு கொடம் புடிச்சிக்கினு வா” என்றாள் அத்தை.